பேச்சு தாமதமா? எச்சில் பரிசோதனை வேண்டாம், காதைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 2 மாதம். அம்மா, தா, பூ என்று ஐந்தாறு சொற்கள்தான் சொல்கிறான். 'அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான், பரம்பரை, பொறு' என்கிறார் மாமியார். ஒரு பயிற்சி மையத்தில், எச்சில் எடுத்து 'மொழி மரபணு' பார்க்கலாம், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்கிறார்கள். பேச்சு ரத்தத்தில் வருவதா, வளர்ப்பில் வருவதா? இப்போது நான் என்ன செய்ய? (வாசகி, திருப்பூர்)

பதில்: எச்சில் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். தமிழை நிறுத்தாதீர்கள். இந்த வாரமே பையனின் காதைப் பரிசோதியுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

'மொழி மரபணு' என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஃபாக்ஸ்பி2. லண்டனில் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பாதிப்பேருக்குப் பேச்சு குழறியது. அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததே காரணம் என்று 2001இல் தெரிந்தது. அவர்களும் பேசினார்கள், நாக்கையும் உதட்டையும் வரிசையாக அசைப்பதில்தான் பெரும் சிரமம். இதே மரபணு எலிக்கும் உண்டு, பாடும் பறவைக்கும் உண்டு. அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலின் எலும்பில் 2007இல் தேடியபோது, நம்முடையது என்று கருதப்பட்ட மாற்றங்கள் அங்கேயும் இருந்தன. மொழியைத் தனியாகச் சுமக்கும் மரபணு எதுவும் கிடையாது. அந்தக் குடும்பத்தில் கண்ட மாற்றம் மிக அரிது. அது இல்லை என்று அறிக்கை வந்தால் உங்கள் பையன் ஏன் பேசவில்லை என்பது தெரிந்துவிடாது. கைரேகை பார்த்து மூளைத்திறன் சொல்லும் கடைகளையும் இதே கணக்கில் சேருங்கள்.

ரத்தமா வளர்ப்பா என்ற கேள்விக்கு மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவில் தெளிவான விடை உண்டு. 1970களின் கடைசியில் அதன் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அதுவரை வீட்டில் தனித்தனியாக இருந்த பிள்ளைகளிடம் ஆளுக்குச் சில சைகைகள்தான் இருந்தன. ஆசிரியர்கள் உதட்டைப் பார்த்து ஸ்பானிஷ் படிக்கச் சொன்னார்கள். அது பெரிதாக ஏறவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் சைகைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். பின்னால் வந்து சேர்ந்த சின்னஞ்சிறுசுகள் அதற்கு இலக்கணமே உண்டாக்கிவிட்டார்கள். மொழிக்கான ஆயத்தம் பிறவியிலேயே வருகிறது; மொழியோ சுற்றியுள்ள மனிதர்களிடமிருந்து, அதுவும் சிறு வயதிலேயே, வந்து சேர வேண்டும். ஆகவே உங்கள் மகன் விஷயத்தில் முதல் கேள்வி, மொழி அவனிடம் போய்ச் சேர்கிறதா என்பதே.

'கை தட்டினால் திரும்புகிறான், காது நன்றாகத்தான் இருக்கிறது' என்பதை நம்பாதீர்கள். கைதட்டலின் அதிர்வுக்கும் நிழலுக்கும்கூடக் குழந்தை திரும்பும். 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தைக்கும் தட்டுச் சத்தம் கேட்கும். சளியால் நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் பேச்சு மங்கலாகவே கேட்கும். அதற்குச் செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி பரிசோதனை செய்வார்கள்.

சிறு குழந்தைக்கு முதலில் செய்வது ஓஏஈ, அதாவது ஒலி அனுப்பி உள்காது திருப்பி எழுப்பும் மெல்லொலியைப் பதியும் பரிசோதனை. காதில் சிறு குழாய் வைத்தால் சில நிமிடங்களில் முடியும், வலி கிடையாது. பல இடங்களில் இதில் 'பாஸ்' என்று வந்தால் அனுப்பிவிடுகிறார்கள். இங்கேதான் ஒரு விலக்கு இருக்கிறது, இதைப் பலர் சொல்வதே இல்லை. ஓஏஈ உள்காதின் நுண்மயிர் உயிரணுக்கள் வரை மட்டுமே பார்க்கிறது. அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கோளாறு இருந்தால் ஓஏஈ சரியாகவே வரும், பிள்ளைக்குப் பேச்சு மட்டும் விளங்காது. குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறந்ததும் மூச்சுத் திணறியவர்கள், ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை வந்தவர்கள் ஆகியோருக்கு இது வரலாம். உங்கள் மகன் பிறந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தானா? இருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு போய், 'பெரா பரிசோதனையும் வேண்டும்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது அது. குழந்தை தூங்கும்போது நெற்றியிலும் காதின் பின்புறமும் மின்முனைகள் ஒட்டி எடுப்பார்கள். ஓஏஈ பாஸ், பெரா இல்லை என்றால் அந்தப் பிள்ளைக்குக் காது பார்த்தாயிற்று என்று எழுத முடியாது.

பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் முறை. இரண்டு வயதுப் பிள்ளையின் தாய் இதை முதல் முறையாகக் கேள்விப்படுகிறார் என்றால் யார் மேல் தவறு? அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு பரிந்துரைச் சீட்டு எழுதும். அந்தப் பிள்ளை, வளர்ச்சிக் குறைகளைச் சிறு வயதிலேயே கண்டு சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று விடாமல் கேட்க வேண்டாமா? சீட்டுக்குக் காத்திருக்காமல் அரசு மருத்துவமனையில் அந்த மையம் எங்கே என்று விசாரித்து நேரே போங்கள்; அங்கே கட்டணம் இல்லை.

தமிழை நிறுத்தச் சொல்வது பெரிய அநியாயம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. உங்களுக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் பேசினால் உங்கள் பேச்சே குறையும், பையன் கேட்பதும் குறையும். கைபேசி அந்த இடத்தை நிரப்பாது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள், நேரில் ஒருவர் விளையாடிப் பேசியபோது சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே பேச்சைத் திரையில் காட்டியபோது கற்கவில்லை.

நாக்கில் வசம்பு தேய்ப்பதும் தேன் தடவுவதும் பேச்சைக் கொண்டுவராது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆபத்து. நாக்கின் அடிச்சவ்வை வெட்டினால் பேச்சு வரும் என்பவர்களிடமும் எச்சரிக்கை; சவ்வு இறுக்கமானால் உச்சரிப்பு பாதிக்கலாம், சொற்களே வராமல் போகாது.

இரண்டு வயதில் சுமார் ஐம்பது சொற்களும், 'அப்பா வா' போன்ற இரண்டு சொல் சேர்ப்பும் வந்திருக்க வேண்டும். தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் தாமே ஈடுகட்டிவிடுகிறார்கள். ஆனால் உங்கள் பையன் அந்தப் பலரில் ஒருவனா என்பதை இப்போதே யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் மாமியார் சொல்வதுபோல் காத்திருக்கக் கூடாது. பேச்சுப் பயிற்சியாளரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள்; அதைச் சொல்லத் தயங்குகிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

வீட்டில் அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசுங்கள். சொல்லிவிட்டு ஐந்து முதல் பத்து விநாடி பொறுங்கள். அவன் 'பால்' என்றால் 'சூடான பால்' என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். 'இது என்ன, அது என்ன' என்று பரீட்சை வைக்காதீர்கள். சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்தாலோ, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமல், விரல் நீட்டிக் காட்டாமல் இருந்தாலோ, அதே வாரத்தில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.