சனம் ஏன் சதிக்கதைகளை நம்புது?

சதிக்கதை எண்டா, பெரிய சம்பவம் ஒண்டு நடந்தா அத ஆரோ நாலு பேர் ரகசியமா கூடித் திட்டம்போட்டுத்தான் செய்தாங்க எண்டு ஆதாரமில்லாம நம்புறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும் கடலுக்கடியில அணுகுண்டு வெடிச்சிருக்காங்க எண்டு ஒரு கதை பரவினது. உண்மையில சுமத்ராவுக்குப் பக்கத்துல 9.1 அளவு நிலநடுக்கம், ஒரு நிலத்தட்டு மற்றத் தட்டுக்குக் கீழ சறுக்கினதால வந்தது. ஆனா பிள்ளையைக் கடலுக்குக் குடுத்த தாய்க்கு அந்தப் பதில் காணாது, இவ்வளவு பெரிய இழப்புக்கு அதே அளவு பெரிய காரணம் வேணும் எண்டு மனசு கேக்கும், கோவப்பட ஒரு ஆள் வேணும். அந்த வலியை நான் குறைச்சுச் சொல்லமாட்டன்.

எங்கட திருகோணமலை டவுன்ல ராவில வேலிப்பக்கம் சரசரத்தா முதல்ல கள்ளன் எண்டுதான் நினைப்பம், டோர்ச் அடிச்சுப் பார்த்தா மான் நிக்கும். மூளை அப்பிடித்தான் பழகியிருக்கு, மானைக் கள்ளன் எண்டு நினைச்சா பெரிய நட்டமில்ல, கள்ளனை மான் எண்டு நினைச்சாத்தான் ஆபத்து. சதிக்கதையும் இப்பிடித்தான், டோர்ச் அடிக்காமலே கள்ளன் எண்டு வட்ஸ்அப்பில போடேக்கதான் பிரச்சினை.

படிக்காத சனம்தான் இதெல்லாம் நம்பும் எண்டு கனபேர் சொல்லுவாங்க, அது பிழை, டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் நம்புறாங்க, பயந்து போயிருக்கிற நேரம் ஆருக்கும் இது நடக்கும்.