“பையனுக்குத்தானே பிரச்சினை, நாங்க எதுக்கு வரணும்?”

கேள்வி: வீடு காசிமேட்டில். என் வீட்டுக்காரரின் அண்ணன் 2004 சுனாமியில் இறந்துவிட்டார், அவர் பெயரைத்தான் 9 வயது மகனுக்கு வைத்திருக்கிறோம். புயல் எச்சரிக்கை வந்தால் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். “என் புள்ளையே திரும்பி வந்துட்டான்” என்று மாமியார் இவனைக் கட்டிக்கொண்டு அழுவார். இவனுக்கு வாந்தி வந்துவிடும். அப்பா கடலுக்குப் போனால் பள்ளிக்கூடம் போக மாட்டான். கவுன்சிலர் எல்லாரையும் வரச் சொல்கிறார். கணவரும் மாமியாரும் மறுக்கிறார்கள்.

பதில்: கவுன்சிலர் எல்லாரையும் கூப்பிட்டது நியாயம்தான், சகோதரி. சுனாமி வந்தபோது உங்கள் மகன் பிறக்கவே இல்லை. ஆனால் பெரியவர்கள் முகத்தைப் பார்த்தே பயத்தைப் பழகிக்கொண்டான். யாரும் விவரம் சொல்லாததால் மிச்சத்தை அவனே கற்பனை செய்துகொள்கிறான். அந்தப் பெயரும் சேர்ந்துகொண்டது. பெரியப்பாதான் நான் என்றால், கடல் என்னையும் எடுத்துக்கொள்ளுமோ என்று ஒரு பிள்ளை நினைக்காமலா இருப்பான்? பெயரை மாற்ற வேண்டாம், “நீ வேற, உன் பெரியப்பா வேற” என்று பாட்டி வாயால் அவன் கேட்க வேண்டும், ஆனால் அதைச் சொல்லும் தெம்பு வருவதற்கு முன் அந்த அம்மாவின் துக்கத்தை யாராவது உட்கார்ந்து கேட்டாக வேண்டும் (இருபது வருடமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது). அமெரிக்காவில் செல்மா ஃப்ரைபெர்க் என்ற குழந்தை மனநல நிபுணர் 1975-லேயே இதைத்தான் எழுதினார்: தன் பழைய அழுகையை ஒருவர் கேட்ட பிறகே ஒரு தாய்க்குத் தன் குழந்தையின் அழுகை காதில் விழுகிறது.

வீட்டுக்காரரிடம் “உங்களாலதான்” என்று ஆரம்பித்தால் அவர் எழுந்து போய்விடுவார். “அவன் பயத்தைப் போக்க உங்க உதவி வேணுமாம்” என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. முதலில் பெரியவர்களை மட்டும் தனியாகப் பார்க்கும்படி கவுன்சிலரிடம் கேளுங்கள். பையன் முன்னால் எவ்வளவு பேசலாம் என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். மாமியாரை அந்த நாளைப் பற்றிச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். வீட்டில் அடிதடி இருந்தால் மட்டும் அதை நீங்கள் தனியே முதலில் சொல்லிவிடுங்கள், அப்போது எல்லாரும் ஒன்றாக உட்காருவது சரிவராது.

கடலுக்குப் போகும்போது பையன் தூங்கட்டும் என்று அப்பா நைசாகக் கிளம்புவது கூடாது. எழுப்பி, எப்போது திரும்புவேன், படகில் லைஃப் ஜாக்கெட்டும் வயர்லெஸ்ஸும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவர் போவது விசைப்படகு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் கரையில்தான் இருப்பார். அவர் வர வேண்டிய அமர்வுகளை அப்போது நெருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். காசு பிரச்சினை என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். வெளியே வரவே மாட்டேன் என்று மாமியார் சொன்னால், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டுக் கொடுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.