மருந்தைக் கூட்டுவதற்கு முன், புகையை நிறுத்துங்கள்

கேள்வி: வயது 34. தாலுகா அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. இன்ஹேலரில் கட்டுக்குள் இருந்தது. இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த பிறகு வீசிங் அடிக்கடி வருகிறது. எங்கள் கண்காணிப்பாளர் ஜன்னலோரம் நின்று சிகரெட் பிடிப்பார். கேட்டால், “ஜன்னல்தான் திறந்திருக்கே” என்பார். மருந்தின் அளவைக் கூட்டிக்கொள்ளலாமா, டாக்டர்?

பதில்: நீங்களாகக் கூட்டாதீர்கள், சகோதரி. மூச்சுத்திணறலை உடனே தணிக்கும் நீல நிற இன்ஹேலர் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். ஆனால் தினமும் எட்டு மணி நேரம் அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் எந்த மருந்தும் முழுப் பலன் தராது.

ஜன்னலைத் திறந்தாலும் மின்விசிறியைப் போட்டாலும் புகை முழுதாக வெளியேறாது. அதன் நுண்துகள்கள் அறை முழுக்கப் பரவும். கோப்புகளிலும் திரைச்சீலைகளிலும்கூடப் படியும். சிகரெட் புகையில் உள்ள ரசாயனங்கள் சுமார் 7,000. அவற்றில் 70 அளவுக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை. அடுத்தவர் புகையைத் தொடர்ந்து சுவாசிப்பவருக்கு மாரடைப்பு அபாயம் 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது. ஆகவே ஆஸ்துமா இல்லாத உங்கள் சக ஊழியர்களுக்கும், சான்றிதழுக்காகக் கைக்குழந்தையோடு காத்திருக்கும் பெண்ணுக்கும் இதில் பாதிப்பு உண்டு.

மூச்சை எவ்வளவு வேகமாக ஊதி வெளியேற்றுகிறீர்கள் என்று அளக்கும் சிறு கருவியான பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாங்குங்கள். வேலை நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் காலை, மதியம், மாலை, இரவு ஊதி, அளவைக் குறித்து வையுங்கள். மூன்று நான்கு வாரம் போதும். விடுமுறையில் ஏறி, வேலை நாளில் இறங்கினால் காரணம் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. அந்தத் தாளோடு மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து தாசில்தாரிடம் எழுத்தில் கொடுங்கள். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2008 அக்டோபர் 2 முதல் அமலில் உள்ள விதிகளும் அலுவலகங்களில் புகைப்பதைத் தடை செய்கின்றன. அபராதம் 200 ரூபாய் வரை. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத பொறுப்பாளரும் அபராதம் கட்ட நேரிடும். சட்டத்தை நடத்திக்காட்ட வேண்டிய அரசு அலுவலகத்திலேயே இப்படி நடப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உங்கள் கண்காணிப்பாளருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரத்தத்தில் நிகோடின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். அதனால்தான் அவர் திரும்பத் திரும்ப ஜன்னலுக்குப் போகிறார். இந்த நிகோடின் அடிமைத்தனமும் சிகிச்சை தேவைப்படும் நோய்தான். நிகோடின் சூயிங்கம், மாத்திரைகள் இருக்கின்றன. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, நீல இன்ஹேலரின் பலன் நான்கு மணி நேரம்கூட நிற்காவிட்டாலோ, அலுவல் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.