மேடையிலும் சினிமாவிலும் உடம்பாலேயே சிரிக்க வைத்த நடிகர்களில் உங்களை மிகவும் பாதித்தவர் யார்? ஏன்?

நாகேஷ். எல்லாரும் ‘திருவிளையாடல்’ படத்தின் ஏழைப் புலவன் தருமியிலிருந்து தொடங்குவார்கள். நான் ‘மகளிர் மட்டும்’ படத்தில் அவர் பிணமாக நடித்ததிலிருந்து தொடங்குகிறேன்.

1994-ல் வந்த படம். அவருக்கு அப்போது 60 வயது. பிணத்துக்கு வசனம் ஏது? தூக்குகிறார்கள், சாய்க்கிறார்கள், நழுவுகிறது, அவ்வளவுதான். தியேட்டரே குலுங்கிச் சிரித்தது.

அதிலுள்ள கஷ்டம் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அலுவலக நண்பர்கள் சேர்ந்து போட்ட நாடகத்தில் எனக்கு மயங்கி விழுந்தவன் வேஷம். இரண்டு பேர் தூக்கிக் கட்டிலில் போட வேண்டும். ஒத்திகையில் தூக்கிய மறுநொடியே கழுத்து தானாக விறைத்துக்கொள்ளும். சாய்த்தால் கை தரையைத் தேடும். எத்தனை முறை செய்தும் உடம்பு கேட்கவில்லை. விழப்போகிறோம் என்று தெரிந்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே அது பார்க்கும்? அன்று இரவே அந்தப் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நாகேஷின் தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் அப்படியே விழுகிறது. தூக்குகிறவர்களிடம் தன் கனத்தை முழுக்க ஒப்படைத்துவிட்டிருக்கிறார். எனக்குப் பேச்சே வரவில்லை.

தாராபுரத்துக்காரர், 1933-ல் பிறந்தவர். சென்னைக்கு வந்து ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே நாடகத்தில் சின்னச் சின்ன வேஷம் போட்டார். அதில் ஒன்று வயிற்றுவலிக்காரன் வேஷம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அதை மேடையிலேயே பாராட்டினார். மேடையில் கடைசி வரிசைக்கு முகம் தெரியாது, வலி தெரிய வேண்டுமென்றால் முதுகும் முழங்காலும்தான் சொல்லியாக வேண்டும். அவருடைய பள்ளிக்கூடம் அதுதான் என்று நினைக்கிறேன். 1959-ல் ‘தாமரைக்குளம்’ மூலம் சினிமாவுக்கு வந்த பிறகும் மேடையை விடவில்லை. கே. பாலசந்தரின் ‘சர்வர் சுந்தரம்’, ‘எதிர்நீச்சல்’ எல்லாம் முதலில் நாடகங்கள்தான்.

அவரை அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸோடு ஒப்பிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாகேஷின் பரபரப்புக்குப் பின்னால் எப்போதும் ஒரு தேவை இருக்கும். தருமிக்குப் பரிசுப் பணம் வேண்டும். சுந்தரத்துக்கு ஒரு பெண்ணின் அன்பு வேண்டும். ‘எதிர்நீச்சல்’ படத்தில் மாடிப்படிக்குக் கீழே காலம் தள்ளும் மாதுவுக்கு இரண்டு வேளைச் சோறும் கொஞ்சம் படிப்பும் வேண்டும். இல்லாதவனுக்கு நின்று நிதானமாக நடக்க நேரம் ஏது? அந்த அவசரம்தான் அவர் நடையில் இருக்கிறது. நம் வீட்டிலும் தெருவிலும் பார்த்த அவசரம் அது. அதனால்தான் சிரிக்கும்போதே நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது.

முடிந்தால் ஒரு நாள் ‘காதலிக்க நேரமில்லை’யில் பாலையாவுக்கு அவர் பேய்க்கதை சொல்லும் காட்சியைச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பாருங்கள். வாயாலேயே அத்தனை ஓசையும் எழுப்பிய காட்சி. ஓசை இல்லாமலும் கதை புரியும். அப்புறம் பாலையாவின் முகத்தை மட்டும் கவனியுங்கள். எதிரில் இருப்பவரை இந்த அளவுக்குப் பயப்பட வைக்க நாகேஷ் எங்கே அடக்கி வாசிக்கிறார் என்பது பிடிபடும்.

‘மகளிர் மட்டும்’ வந்த அதே 1994-ல்தான் ‘நம்மவர்’ படமும் வந்தது. அதில் மகளைப் பறிகொடுத்த தகப்பன். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. பத்ம விருது கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை, அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. 2009 ஜனவரி 31 அன்று அவர் இறந்த செய்தியைத் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டு, பழைய காட்சிகளைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.