விற்கப்பட்ட எண்ணெய் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று வருடமாக, அகதிகளுக்கு உதவும் ஓர் அமைப்புக்குச் சம்பளத்திலிருந்து ஒரு தொகை அனுப்பிவருகிறேன். போன வாரம் ஒரு காணொளி பார்த்தேன். முகாம் வாசலில் துணியை விரித்து, நிவாரணமாக வந்த எண்ணெயையும் பருப்பையும் கூவி விற்கிறார்கள். சாக்கில் ‘விற்பனைக்கு அல்ல’ என்ற முத்திரைகூட அப்படியே இருக்கிறது. மனம் விட்டுப்போய்விட்டது. பசி என்று சொல்லி வாங்கியதை விற்கிறவர்களுக்கு உண்மையிலேயே பசியா? பணக்கார நாடுகள் ஏன் இவர்களை ஏற்றுக்கொள்வதில்லை? இனி நான் யாருக்குக் கொடுப்பது?

ச.

அன்புள்ள ச.,

மூன்று வருடம் விடாமல் கொடுத்திருக்கிறீர்கள். எத்தனை பேர் செய்வார்கள்? அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனிமேல் திட்டப்போகிறேன்.

பணக்கார நாடுகளை விடுங்கள். 2024 இறுதிக் கணக்குப்படி உலகில் வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள் 12 கோடிக்கும் மேல். அதில் பாதிக்கும் அதிகமானோர் சொந்த நாட்டின் எல்லையையே தாண்டவில்லை. தாண்டியவர்களும் பெரும்பாலும் பக்கத்து நாட்டோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பக்கத்து நாடு அநேகமாகத் தானே தள்ளாடிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

எண்ணெய்க்கு வருவோம். கொஞ்ச நாளாகவே என்னைக் குடைந்துகொண்டிருப்பது அதுதான்.

‘பசி என்று சொல்லி வாங்கியது’ என்கிறீர்கள். அவர் எதையும் சொல்லவில்லை ஐயா. அட்டையை நீட்டினார், அளந்து போட்டார்கள். உங்கள் ஒரு மாதச் சம்பளத்தை எண்ணெயாகவும் பருப்பாகவும் கொடுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பிள்ளைக்கு இருமல் மருந்து வேண்டும். ஊரில் தங்கிவிட்ட அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்க போனில் காசு வேண்டும். மாதவிடாய்க்குத் துணி வேண்டும். பருப்பைக் கொடுத்தால் இதெல்லாம் கிடைக்குமா? அதனால் விற்கிறார், அதுவும் அடிமாட்டு விலைக்கு. அவருக்கும் பசிதான். ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்து மருந்து வாங்கியிருக்கிறார். இது உங்களுக்கு மோசடியாகத் தெரிகிறது.

2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடிவந்தார்கள். முறையாக வேலைக்குப் போக அவர்களுக்கு அனுமதி இல்லை. 2023இல் நிதி வறண்டதும் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் அவர்களுடைய உணவுத் தொகையை ஆளுக்கு மாதம் 12 டாலரிலிருந்து 10 ஆக்கியது, மூன்றே மாதத்தில் 8 ஆக்கியது. அந்த எட்டு டாலரில் ஒருவர் கொஞ்சம் எண்ணெயை மிச்சம்பிடித்து விற்றால், அவரைக் கணக்குத் தெரிந்தவர் என்றுதான் நான் சொல்வேன்.

பணமாகவே கொடுத்துவிட்டால் இந்தச் சுற்று மிச்சம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2016 இறுதியில் துருக்கியில் அகதிக் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் ஏறும் அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள், பெரும்பாலும் சிரியர்களுக்கு. ‘பணத்தைக் கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்கள்’ என்று உடனே யாராவது கிளம்புவார்கள். அப்படிச் சொல்பவருக்குச் சம்பளம் பருப்பாகவா வருகிறது?

ஜோர்டானில் சிரிய அகதிகளுக்காக ஸாத்தரி முகாமை 2012இல் திறந்தார்கள். அதன் நடுவே ஒரு கடைவீதி தானாக முளைத்தது. பாரிஸ் நகரத்து ‘ஷான்ஸ் எலிஸே’ வீதியின் பெயரைக் கிண்டலாகத் திருப்பி ‘ஷாம்ஸ் எலிஸே’ என்கிறார்கள். ஷாம் என்றால் அவர்கள் விட்டுவந்த சிரியா. அந்த வீதியில் கல்யாண கவுன்கூட வாடகைக்குக் கிடைத்தது. எந்த நிவாரணப் பட்டியலில் கல்யாண கவுன் இருக்கும்?

யாருக்குக் கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். அதே அமைப்புக்கே அனுப்புங்கள். மக்கள் கையில் பணமாகத் தருகிறீர்களா என்று கேட்டு ஒரு கடிதமும் போடுங்கள்.

இவ்வளவு சத்தம் போட எனக்கு அருகதை இல்லை. இளைஞனாக இருந்தபோது, வெள்ளத்தில் வீடிழந்தவர்களின் முகாம் ஒன்றில் பத்து நாள் துணி கொடுக்கும் வேலை பார்த்தேன். ஒரு பெரியவர் வரிசையில் வந்தார். சட்டை ஒன்றை நீட்டினேன். அவர் அதை உடம்பில் வைத்துப் பார்க்கவில்லை. உள்பக்கம் திருப்பி, தையலைக் கட்டைவிரலால் தடவினார். “நல்ல கை” என்றார். அப்புறம், “பட்டனை மட்டும் எடுத்துக்கட்டுமா தம்பி?” என்று கேட்டார். தையல்காரர். மெஷின் வெள்ளத்தோடு போய்விட்டது. யாரிடமோ ஊசியும் நூலும் வாங்கி வைத்திருந்தார்.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. சட்டைக்கு, பேண்ட்டுக்கு, போர்வைக்கு என்று கட்டம் போட்டிருந்தார்கள். பட்டனுக்குக் கட்டம் இல்லை. “முழுசா எடுத்தா எடுங்க, இல்லன்னா வரிசையை விடுங்க” என்றேன். நோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் பார்த்தால், துணி போடும் பெட்டியில் அதே சட்டை, கடையில் மடிப்பதுபோல் மடித்து வைத்திருந்தது. ஏழு பட்டனில் ஒன்றுகூட இல்லை. நூலைப் பல்லால் கடித்த தடம் மட்டும் இருந்தது. மறுநாள் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, நோட்டில் இன்னொரு சட்டை என்று குறித்துக்கொண்டேன்.

வாங்கியவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். பட்டனே இல்லையே என்றார். மூன்றாவது கூடாரத்தில் ஒருவர் இருக்கிறார், தைத்துக் கொடுப்பார் போங்கள் என்று அனுப்பினேன்.