பெயரை நீக்கினால் போதுமா? ஆய்வுத் தரவு: கேள்வி-பதில்

கே: தரவு முழுக்க லேப்டாப்பில் இருக்கிறது. பென் டிரைவிலும் ஒரு பிரதி உண்டு. போதாதா?

அந்தப் பென் டிரைவ் லேப்டாப் பையிலேயே கிடக்கும், சரிதானே? பை போனால் இரண்டும் போச்சு. மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்றாவது வேறு கட்டடத்தில். மாதம் ஒருமுறை நாலு கோப்பைத் திறந்தும் பாருங்கள். 2021 டிசம்பரில் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் காப்புப்பிரதி எடுக்கும் நிரலே தவறாக ஓடி, 77 டெராபைட் அளவுக்குக் கோப்புகளை அழித்தது.

கே: வீட்டு எண் 3-4 எக்செல்லில் ஏப்ரல் 3 ஆகிவிட்டது. திருத்தினால் ஐந்திலக்க எண் வருகிறது.

திருத்தாதீர்கள். மூலக் கோப்பிலிருந்து மறுபடி எடுங்கள், அந்த நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டு. மூலக் கோப்பிலேயே வேலை பார்த்திருந்தால் காகிதப் படிவங்களைத் தேட வேண்டியதுதான். மூலக் கோப்பைத் தொடாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

கே: நேர்காணல்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. அப்படியே விடலாமா?

கூடாது, யூனிகோடுக்கு மாற்றுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் பாட்டி சொன்ன கதை ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். மாற்றியபின் ஔகாரம் வரும் இடங்களை ஒருமுறை பாருங்கள். பழைய பாமினிக் கோப்பையும் வைத்திருங்கள். அதுதான் மூலம்.

கே: நேர்காணல் தந்த 40 பேரின் பெயர்களை நீக்கி எண் போட்டுவிட்டேன். ஊர், வயது, சாதி, தொழில் மட்டும் இருக்கிறது. இணையத்தில் போடலாமா?

'மட்டும்' என்றா எழுதுகிறீர்கள்! ஒரு சிற்றூரில் 52 வயதுள்ள, கணவரை இழந்த சத்துணவு அமைப்பாளர் எத்தனை பேர் இருப்பார்கள்? டீக்கடையில் கேட்டால் வீட்டையே காட்டுவார்கள்.

இது புதிய பிரச்சினையும் இல்லை. 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கிக் கொடுத்தார்கள். அப்போது மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கி ஒப்பிட்டு, மாநில ஆளுநரின் பதிவையே கண்டெடுத்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, இந்த மூன்றே போதுமாக இருந்தன. நம் ஊர் வாக்காளர் பட்டியலில் வயது, வீட்டு எண், தந்தை அல்லது கணவர் பெயர் எல்லாமே இருக்கின்றன.

ஊருக்குப் பதில் மாவட்டம் போடுங்கள். வயதைப் பத்துப் பத்தாகத் தொகுங்கள். ஆய்வுக்குச் சாதி தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனி இடத்தில், பூட்டில் இருக்கட்டும். ஒலிப்பதிவைப் போடவே வேண்டாம், குரலை ஊரே அறியும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: பொதுவில் பகிர்வோம் என்று ஒப்புதல் படிவத்தில் இருந்ததா, அதை வாசித்துக் காட்டினீர்களா? இல்லையென்றால் பேச்சே கிடையாது.

கே: கட்டுரையில் கூகுள் டிரைவ் இணைப்பு கொடுத்தால் போதுமா?

போதாது. கல்லூரிக் கணக்கு முடிந்த அன்றே இணைப்பும் செத்துவிடும். ஆய்வுத் தரவைச் சேமித்துப் பகிரும் ஸெனோடோ (Zenodo) தளத்தில் போடுங்கள். காசு இல்லை, ஒரு பதிவுக்கு சுமார் 50 ஜிபி வரை ஏற்கும், டிஓஐ (DOI) என்ற நிலையான அடையாள எண்ணும் தரும். பெயர் விஷயத்தை முடித்துவிட்டு.

கே: தரவு மேலாண்மைத் திட்டம் நாளை காலை தர வேண்டும். மாதிரி ஒன்று அனுப்புவீர்களா?

மாட்டேன்.