ஷவர் மாற்றும்போது பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டலாமா?

கேள்வி: திருச்சியில் 25 ஆண்டு பழைய வீடு. குளியலறைச் சுவரில் 8-க்கு 12 அங்குல வெள்ளை டைல்ஸ். வெந்நீரும் தண்ணீரும் வரும்படி மிக்சருடன் புதிய ஷவர் வைக்கிறோம். "உடைக்க வேண்டாம், பழையதன் மேலேயே ஒட்டித் தருகிறேன்" என்கிறார் கொத்தனார். ஒப்புக்கொள்ளலாமா? சுவரை எப்படித் தயார் செய்வது?

பதில்: குழாய் வேலையே இல்லாத சுவர் என்றால், பழைய டைல்ஸ் கெட்டியாக இருக்கும் பட்சத்தில், அதற்கென்று விற்கும் பசையைக் கொண்டு மேலேயே ஒட்டலாம். உங்கள் வீட்டில் அது சரிவராது. மிக்சருக்குக் குழாய் பதிக்கச் சுவரை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டும் அதிர்ச்சியில் பக்கத்து டைல்ஸும் பிடி விட்டுவிடும். ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்; பொள்ளென்று ஒலிப்பவை எத்தனை என்று அப்போதே தெரிந்துவிடும். ஷவர் வரும் சுவரையாவது மூலைக்கு மூலை முழுதாக எடுத்துவிடுங்கள்.

உடைக்கும் முன் தரையிலுள்ள தண்ணீர் போகும் துளையைச் சாக்கால் அடைத்துவிடுங்கள். பலரும் இதை மறந்து, பிறகு அடைப்பெடுக்க ஆள் தேடுகிறார்கள். அந்தக் காலத்து டைல்ஸைச் சிமெண்டுக் குழம்பு தடவி ஒட்டியிருப்பார்கள். எடுக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். வரட்டும். பொருமிய பூச்சை விட்டுவைத்து மேலே பூசினால் அத்தனையும் வீண்.

குழாய்ப் பள்ளத்தைக் கட்டிங் மெஷினால் இரண்டு கோடு போட்டு, அதற்குள் மட்டும் உளி வையுங்கள். நாலரை அங்குலச் சுவராக இருந்தால் குறுக்கே நீளமாக வெட்ட விடாதீர்கள்; மேலிருந்து கீழாகவே குழாயைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெந்நீருக்குச் சிபிவிசி குழாய்தான். சாதாரணப் பிவிசி சூட்டில் இளகிவிடும்.

நான் பிடிவாதமாக இருப்பது அடுத்த வேலையில்தான். சுவரில் வைக்கும் மிக்சருக்கு இரண்டு பித்தளை மரை முனைகள் வரும். நடுவுக்கு நடு 150 மி.மீ. இரண்டும் ரசமட்டத்தில் ஒரே நேராக, புதிய டைல்ஸின் முகத்துக்குச் சமமாக நிற்க வேண்டும். பூச்சு, பசை, டைல்ஸ் மூன்றின் கனத்தையும் கூட்டி இப்போதே முன்தள்ளி வைக்க வேண்டும். உள்ளே போய்விட்டால் நீட்டிப்புத் துண்டு போட்டு ஒப்பேற்றுவார்கள். நாளடைவில் கசிவது அந்த மூட்டில்தான். ஒட்டிய மூட்டுகள் ஒரு நாள் காய்ந்தபின் முனைகளை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அதிலுள்ள அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். மாடித் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்ப்பது போதாது; 10 மீட்டர் உயரத் தொட்டி தரும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோதான்.

முள் நின்றால் பள்ளத்தைக் கலவையால் இறுக்கி அடைத்து, மேலே கோழிவலை வைத்து, செங்கல்லை நனைத்து 1:4 கலவையில் பூசுங்கள். மணிக்கட்டையால், அதாவது பூச்சைத் தேய்க்கும் மரக்கட்டையால், தேய்த்ததோடு விடுங்கள்; வழவழப்பாகத் தேய்க்க வேண்டாம். தூக்குக்குண்டு பிடித்துச் சுவரின் நேரைப் பாருங்கள். கோணலை டைல்ஸ் பசையால் சரிக்கட்ட முடியாது. ஏழு நாள் தண்ணீர் காட்டிவிட்டு உலர விடுங்கள்.

பிறகு நீர்க்காப்புப் பூச்சு. ஷவர் சுவரில் ஏழடி உயரம் வரை இரண்டு கை, அதாவது இரண்டு முறை பூச வேண்டும். முதல் கை நெடுக்காக, அடுத்தது குறுக்காக. மூலைகளிலும் குழாய் முனைகளைச் சுற்றியும் கண்ணாடியிழை வலை வையுங்கள். தரையை உடைக்காவிட்டால், சுவரும் தரையும் சேரும் இடைவெளியைச் சிமெண்டால் அடைக்காமல் சிலிகானால் அடைக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பூச்சின் மேல் சிமெண்டுக் குழம்பு பிடிக்காது. விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் அதுவும் நீர் உறிஞ்சாது. ஆகவே பசைதான், அதுவும் விளிம்பில் பல் வெட்டிய கரண்டியால் சீவி. நாலு மூலையிலும் உருண்டை வைத்து அழுத்தும் பழக்கத்தைக் கண்டால் அப்போதே நிறுத்துங்கள்.

இன்னொன்று: பூசி மூடும் முன், குழாய் போகும் வழியை அளவுநாடா வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். சோப்புத் தட்டு மாட்ட டிரில்லிங் மெஷின் எடுக்கும் நாளில் அந்தப் படம் வேண்டியிருக்கும்.